பாதி வழியில் நிற்கலாமா லோடு வண்டி? டீசல் இன்ஜின் பராமரிப்பில் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை

பலாப்பழ சீசன் வந்துவிட்டால் திருவரங்குளம், வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கம் லோடு வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. பலா முடிந்தால் வாழைத்தார், பிறகு கடலை மூட்டை, காய்கறி. பூ வைத்திருப்பவர்களுக்கோ வருஷம் முழுவதும் ஓட்டம்தான். விடியும் முன் மார்க்கெட்டில் இறக்காவிட்டால் பறித்த கூலிகூடத் தேறாது. ஆறு மாதம் பாடுபட்டு விளைவித்ததைக் கடைசி 30 கிலோமீட்டரில் கோட்டை விடுவது எவ்வளவு பெரிய வேதனை என்பது, வண்டி பாதி வழியில் நின்று போன அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சிறு விவசாயிகளும் சொந்தமாக நான்கு சக்கர லோடு வண்டி வாங்கும் நிலை வந்தது. அதற்கு நாம் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரும் வைத்தோம். பொலிரோ பிக்கப், தோஸ்த் போன்ற வண்டிகள் இன்று கிராமத்துக்குக் கிராமம் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தண்ணீர் இறைக்க ஓடியவையும் இந்த வண்டிகள்தான்.

மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதே அது சரியாக மெல்லுகிறதா, சாணம் எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுகிறோம். வண்டிக்கு மட்டும், நின்ற பிறகு மெக்கானிக்கைத் தேடுகிறோம். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

டீசல் இன்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி வைத்து எரிக்கும். டீசலில் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுபோலவே அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்த நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் புகைபோலப் பீய்ச்ச, அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆகவே, சுத்தமான காற்று, சுத்தமான டீசல், நல்ல அழுத்தம் ஆகிய மூன்றும் இருந்தால் இன்ஜின் ஓடும். ஆயிலும் கூலன்ட்டும் சரியாக இருந்தால் நீண்ட நாள் ஓடும். எந்தக் கோளாறு வந்தாலும் இந்த ஐந்தில் எது குறைகிறது என்று யோசித்தால், காரணத்தைப் பாதி கண்டுபிடித்த மாதிரி.

நம் பகுதிக்குப் பொருத்தமான ஒரு தகவல். 1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் கால இன்ஜின் அதைத் தாங்கியது. இன்றைய வண்டியில் அதைச் செய்து பார்க்காதீர்கள். கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரை அடைத்துவிடும். விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. பம்பும் இன்ஜெக்டரும் டீசலில் உள்ள வழுவழுப்பில்தான் தேயாமல் ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு.

காலையில் ஐந்து நிமிடம்

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள்.

* ஆயில் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுப்பாகும். அது கோளாறு அல்ல. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அளவு தானாகக் கூடி, டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் இறங்குகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

* கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். வாராவாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றிச் சமாளிக்காமல் கசியும் இடத்தைத் தேடுங்கள்.

* வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். சொட்டியிருப்பது ஆயிலா, டீசலா, கூலன்ட்டா என்பது நிறத்திலும் வாடையிலும் தெரியும்.

* ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு, நூல் பிரிதல் உள்ளதா என்று பாருங்கள்.

* சாவியைத் திருப்பியதும் எரியும் ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ஆயில் ஏறாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே பேரிங் போய்விடும்.

செம்புழுதியும் ஏர் ஃபில்டரும்

2.5 லிட்டர் இன்ஜின் ஒன்று 2,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ இருந்தால் இன்னும் அதிகம். நம் பக்கத்துச் செம்மண் பாதையில், முன்னால் போகும் டிராக்டரின் புழுதியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அத்தனை தூசியையும் தடுத்து நிறுத்துவது ஒரு காகித ஃபில்டர். அதைத் தாண்டி உள்ளே போகும் மண், உப்புத்தாள் போலச் சிலிண்டரையும் ரிங்கையும் தேய்க்கும்.

கையேட்டில் சொல்லப்பட்ட கிலோமீட்டர் கணக்கு தார்ச்சாலை வண்டிக்கு. புழுதிப் பாதையில் ஓடும் வண்டிக்கு, அதே கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். அதைப் பின்பற்றுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்தால், குறைந்த அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். தரையில் தட்டுவதும், தண்ணீரில் கழுவுவதும் கூடாது. ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், புது ஃபில்டர் போட்டும் பயன் இல்லை.

டீசலில் தண்ணீர்

வண்டி திடீரென்று இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நிற்கிறதா? முதலில் டீசலைச் சந்தேகப்படுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். கையேட்டில் சொன்ன இடைவெளியிலும், மழைக்காலத்தில் அதற்கு முன்பாகவும், ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தனியாகத் தங்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள். மீட்டரில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதே நாளில் வடிக்க வேண்டும்.

கேனில் டீசல் வாங்கி வைப்பவர்கள், பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நிழலில் மூடி வையுங்கள். அடியில் தங்கியதை ஊற்றாமல் மிச்சம் வையுங்கள். மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். அது ஃபில்டரை அடைக்கும்.

டேங்க் காலியாகி நின்றால், டீசல் ஊற்றியதும் வண்டி ஓடாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலே உள்ள கைப்பம்பை, அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். பிறகு சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து போய்விடும்.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினில் ஏர் எடுக்க, இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி டீசல் வரும்வரை சுற்றுவோம். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் வண்டியில் கை வைத்துவிடாதீர்கள். அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். வண்டி டயரில் உள்ள காற்றைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. முடி அளவு கசிவுகூடத் தோலைக் கிழித்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரலாம். அப்படி நடந்தால் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கசிவு தேட விரலை வைக்காமல் ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள். அதுவும் இன்ஜினை அணைத்த பிறகே பக்கத்தில் போக வேண்டும்.

போர் தண்ணீரும் வைக்கோலும்

எங்கள் வீட்டு வண்டி கற்றுக்கொடுத்த பாடம் இது. கூலன்ட் வாங்கச் சோம்பல்பட்டு, ஒரு கோடை முழுவதும் ரேடியேட்டருக்குப் போர் தண்ணீரையே ஊற்றிவந்தோம். இடையில் இரண்டு மூன்று நடை வைக்கோல் ஏற்றினோம். ஒருநாள் இரவு வாழைத்தார் லோடுடன் போகும்போது, வம்பன் நால்ரோடு தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. பதற்றத்தில் நிறுத்தி, இருந்த குடம் தண்ணீரை அப்படியே ஊற்றினோம். அத்துடன் முடிந்தது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போனது. கழற்றிப் பார்த்தபோது ரேடியேட்டர் உள்ளே வெந்நீர்ப் பானையில் படிவது போல உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வெளியே தகடுகளுக்கு நடுவில் வைக்கோல் தூசி மெத்தைபோல அடைத்திருந்தது. அந்த வருஷம் கடலையில் கிடைத்த லாபம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. கூலன்ட் கேனின் விலையை இப்போதும் நினைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கம்பெனி சொன்ன கூலன்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள். கலக்க வேண்டிய வகையாக இருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை, கேனில் சொன்ன அளவில் கலக்குங்கள். வைக்கோல், உமி ஏற்றிய நாளில் ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தை, இன்ஜின் ஆறிய பிறகு, மெதுவான தண்ணீரால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கும்.

வழியில் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் குழாயைத் தொட முடிகிற அளவு ஆறிய பிறகு, துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாய் கழன்றிருப்பது, இன்ஜெக்டர் ஒழுகல், அளவுக்கு மீறிய லோடு ஆகியவை காரணம். ஃபில்டரையும் குழாய் கிளிப்பையும் நீங்களே பார்த்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கிடம் போங்கள்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து நின்றால் பயமில்லை. சூடான பிறகும் வந்து, கண் எரிந்தால் டீசல் எரியாமல் வருகிறது. இன்ஜெக்டரையோ அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். இனிப்பு வாடையுடன், கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ சீல் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். தள்ளினால் ரிங் தேய்மானமாக இருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

செல்ஃப் சுற்றவே இல்லை, ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால் டீசலைத் தொடாதீர்கள். கோளாறு பேட்டரியிலோ வயரிலோ இருக்கிறது. பேட்டரி முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுத் துடைத்து, இறுக்கிப் பூட்டி, வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ்வைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டேங்கில் டீசல் இருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் உள்ளதா, காற்று புகுந்ததா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பழைய பம்ப் வண்டியில், டீசலைத் திறந்து மூடும் சோலனாய்டின் வயர் கழன்றாலே வண்டி நின்றுவிடும். குளிர் காலையில் மட்டும் தகராறு என்றால் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். காமன் ரெயில் வண்டியில் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாமல் இன்ஜெக்டர் திறக்காது.

பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் சைலன்சர் குழாயில் இருக்கும். அது பிடித்த கரியை அவ்வப்போது அதிகச் சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து களத்துக்கு என்று குறுகிய தூரமே ஓடினால் அந்தச் சூடு வராது. விளக்கு எரியும். அப்போது லோடு இல்லாவிட்டாலும் புதுக்கோட்டை ரோட்டில் நிறுத்தாமல் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். விளக்கு எரிவதைப் பார்த்தும் வாரக்கணக்கில் ஓட்டினால் இழுவை குறைந்து, கடைசியில் ஒர்க்‌ஷாப்பில்தான் முடியும். இந்த வண்டிகளுக்கு ஆயிலும் தனி ரகம். கையேட்டில் உள்ள தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

சில வண்டிகளில் புகைச் சுத்திகரிப்புக்கென ‘டிஇஎஃப்’ என்ற திரவம் ஊற்ற வேண்டும். அது 32.5 சதவீதம் யூரியா கலந்த சுத்தநீர். ‘யூரியாதானே, வீட்டில் மூட்டை இருக்கிறதே’ என்று உர யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். நம் யூரியா வேப்ப எண்ணெய் பூசப்பட்டது, பையூரெட் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். இவை படிந்து பம்பையும், விலை உயர்ந்த கேட்டலிஸ்ட்டையும் கெடுத்துவிடும். மானிய யூரியாவைப் பயிருக்கு அல்லாமல் வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமும்கூட.

டர்போ உள்ள எந்த வண்டியானாலும், ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். ஆயில் டர்போவுக்குப் போய்ச்சேர அரை நிமிடம் விடுங்கள். லோடுடன் ஓடி வந்து நிறுத்தும்போதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

ஒரு நோட்டு போதும்

பயிருக்குச் செலவுக் கணக்கு எழுதுவது போல வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். ஆயில், மூன்று ஃபில்டர்கள், கூலன்ட், பெல்ட் ஆகியவற்றை எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள், ஒவ்வொரு டேங்குக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்தால் அதை மாற்ற வேண்டிய கிலோமீட்டரை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளும். மைலேஜ் தொடர்ந்து குறைந்தால், பெரிய கோளாறு வருவதற்கு முன்பே நோட்டு காட்டிக்கொடுக்கும். மெக்கானிக்கிடம் ‘வண்டி சரியில்லை’ என்று சொல்வதைவிட, எப்போது, எந்த வேகத்தில், என்ன நிறப் புகை என்று சொன்னால், தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு குறையும்.

மாற்றிய பழைய ஆயிலை வாய்க்காலிலோ, வரப்போரத்திலோ ஊற்றாதீர்கள். மாட்டுப் புண்ணில் தடவும் பழக்கமும் வேண்டாம். அதில் உலோகத் துகள்களும் நச்சும் உண்டு. கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உழவர் குழுக் கூட்டங்களில் விதை, உரம் பேசும்போது, ஒரு அரை மணி நேரத்தை வண்டிக்கும் ஒதுக்குங்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஆயில் கம்பி பார்ப்பதையும் ஃபில்டரில் தண்ணீர் வடிப்பதையும் எல்லோர் கையாலும் ஒருமுறை செய்யவைத்தால் போதும்.

அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன், இன்று சாயங்காலமே பானட்டைத் திறந்து ஆயில், கூலன்ட், ஏர் ஃபில்டர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் தகட்டில் வைக்கோல் இருந்தால், ஆறியதும் கழுவிவிடுங்கள்.